பட்டன் அக்காவுக்கு ஒரு நன்றி, திருத்தங்களுடன்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது போட்டு உடைப்பதைவிட அது மரியாதை.

தலைவலி மாத்திரை வாங்க மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பக்கத்தில் வந்து, "எதிர்வீட்டு அக்கா ரிட்டயர் ஆயிட்டாங்கல்ல, பாராட்டு மலர் போடறோம். நீங்கதான் எழுதறவங்களாச்சே. ரெண்டு பக்கம் போதும். ஆனா ஒண்ணு, நல்லதா மட்டும் எழுதுங்க" என்றார். அக்கா ஓய்வு பெற்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் சங்கம் அடைத்த சாக்கடைக்கே அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளும். மலருக்கு இது வேகம்தான்.

"நல்லதா மட்டும்" என்று அவர் ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியும். எனக்கு வம்பு எழுத வரும். யார் வீட்டு வாசலில் எந்த வண்டி நின்றது, எந்த வீட்டுக் குழாய்க்காரர் வேலை முடிந்தும் ஏன் காபி குடித்துக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் கேட்டால் கை தானாக ஓடும். நன்றி என்று தொடங்கினால் பேனா மக்கர் பண்ணுகிறது. இதை எழுதுவது அந்த மக்கரோடு மல்லுக்கட்டித்தான். இடையிடையே அடித்த வரிகளும் கிடக்கும். கண்டுகொள்ளாதீர்கள், அல்லது கண்டுகொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

2

முதல் தொடக்கம்: "தொழில்நுட்பம் என்ற சொல்லை மற்ற உறுப்பினர்கள் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே, தொலைநோக்குடன் ஒரு பெண்மணி" (பெண்மணி என்று எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: "ஊருக்கே கம்ப்யூட்டர் சட்டம் எழுதியவர் வீட்டில், பிரிண்டர் ஒரு நாளும் அவர் பேச்சைக் கேட்டதில்லை." இது சத்தியம். அதை அவர் பக்கவாட்டில் தட்டும் சத்தம் எங்கள் வீட்டு ஹால் வரைக்கும் கேட்கும். "நான் யாருன்னு தெரியுமா உனக்கு?" என்று ஒருமுறை அதனிடம் கேட்டார். அது தெரியாது என்பதுபோல் ஒரு சிவப்பு விளக்கைக் காட்டியிருக்க வேண்டும். ஆனால் இது மலருக்கு ஆகாது.

மூன்றாவது தொடக்கம்: "தன் வாழ்நாள் உழைப்பு முழுவதும் ஒரே ஓட்டில் தொங்கிக்கொண்டிருந்த அன்று, அவர் தவறான பட்டனை அழுத்தினார்." கதை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் இதை முதல் வரியாகப் போட்டால் நீங்கள் மற்றதையெல்லாம் தாண்டி அந்த இடத்துக்கு ஓடிவிடுவீர்கள். எனக்கு வாசகர்களைத் தெரியும், நானும் அப்படித்தான். அதனால் இங்கே சொல்லி வைக்கிறேன். இனி நிதானமாக வாருங்கள்.

3

அக்கா அரசியலுக்கு வருமுன் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். காதில் மாட்டிய கருவியும் கையில் செருகும் கம்பியுமாக, யாரோ இரண்டு பேரைப் பேசவைப்பதுதான் தொழில். அந்த வேலையை ஒருநாள் இயந்திரம் எடுத்துக்கொண்டது. உடன் வேலை பார்த்தவர்கள் அழுதார்கள். இவர் தொழிற்சங்கத் தேர்தலில் நின்றார். அந்தப் பழக்கத்தில் அடுத்து சட்டமன்றத் தேர்தலிலும் நின்றார். ஜெயித்தார். அப்புறம் தோற்கவே இல்லை. என் கல்யாணத்துக்கு முன்பு உள்ளே போனவர், என் பெண் கல்யாணத்துக்குப் பிறகுதான் வெளியே வந்தார்.

பட்டன் அக்கா என்ற பெயர் அவருடைய முதல் பேச்சில் வந்தது. ஆஸ்பத்திரிகளில் இனிமேல் போனை எடுக்க ஆளே வேண்டாம், எல்லாம் இயந்திரம் பேசும் என்று அமைச்சர் பெருமையாக அறிவித்தார். அக்கா எழுந்து, "ஒன்றை அழுத்தினால் நேரம், இரண்டை அழுத்தினால் கட்டணம் என்கிறீர்கள். எந்தப் பட்டனை அழுத்தினால் மனுஷன் வருவான்?" என்று கேட்டார். அவை சிரித்தது. பத்திரிகைகள் படம் போட்டன. எல்லோரும் சிரித்து மறந்தார்கள். அக்கா அந்தச் சிரிப்பையே பிடித்துக்கொண்டு தொங்கி, அந்த ஆட்சி முடிவதற்குள் அதைச் சட்டமாக்கிவிட்டார். பூஜ்யத்தை அழுத்தினால் மனிதக் குரல் வந்தே தீர வேண்டும்.

[அக்காவின் திருத்தம்: "தொங்கி" என்பதை நீக்கவும். "முயன்று" என்று போடவும்.]

இதைச் சொல்ல மறந்துவிட்டேன். கதையை எழுதும்போதே அவரிடம் காட்டிவிட்டேன். எதிர்வீட்டில் இருந்துகொண்டு காட்டாமல் இருக்க முடியாது. அவர் அதை மசோதா மாதிரி பிரிவு பிரிவாகத் திருத்தி அனுப்பினார். "தொங்கி" இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். இது என் சபை.

அவர் மசோதா எழுதும் விதமே தனி. தெருமுனை மருந்துக்கடை அவர் வீட்டுக்காரருடையது. ஒவ்வொரு பிரிவையும் எழுதியதும் அக்கா கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று உரக்கப் படிப்பார். வீட்டுக்காரர் மாத்திரை எண்ணிக்கொண்டே கேட்பார். ஒரு பிரிவில் அவர் இரண்டு தடவைக்கு மேல் "அப்படின்னா?" என்று கேட்டுவிட்டால், அந்தப் பிரிவைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுத வேண்டும். இது அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தம்.

"'தன்னியக்க முடிவெடுப்பு முறைமையின் வாயிலாக ஒருவருக்கு...'"

"அப்படின்னா?"

"மெஷினே முடிவு பண்றதுங்க."

"அப்ப அப்படியே எழுதேன்."

"அப்படி எழுதினா சட்டம் மாதிரி இருக்காது."

"வேற எப்படி இருக்கும்?"

"பேசற மாதிரி இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டுமே, யாருக்கு நஷ்டம்? ... இருமல் மருந்து யாருக்கும்மா, உனக்கா?"

கடைசிக் கேள்வி என்னிடம். ஆக, இந்த மாநிலத்தின் தொழில்நுட்பச் சட்டங்கள் பெரும்பாலும் என் இருமலுக்கு நடுவே எழுதப்பட்டவை.

4

இங்கே கதையை நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். செயலாளர் பொறுத்துக்கொள்ளட்டும்.

பாலம் கட்டியவருக்கு நன்றி சொல்வது சுலபம். பாலம் அங்கே நிற்கிறது. கல்லில் பெயர் இருக்கிறது. அக்கா செய்ததெல்லாம் நடக்காத விஷயங்கள். விடிந்தும் விடியாமலும் கடன் வேண்டுமா என்று கேட்டு என் போன் அடிப்பதில்லை. துணிக்கடைக்குள் நுழைந்தால் சுவரில் இருக்கும் கேமரா என் முகத்தை யாருக்கும் விற்பதில்லை. என் மாமியார் போன பிறகு அவர் போனில் இருந்த படங்களைக் கேட்டு என் கணவர் எந்தக் கம்பெனி வாசலிலும் நிற்கவில்லை, கேட்டார், கொடுத்துவிட்டார்கள். இதற்கெல்லாம் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு மருந்துக்கடை இருக்கிறது.

அடிக்காத போனுக்கு யார் நன்றி சொல்வார்கள்? நடந்ததைப் பேசத்தான் வம்புக்காரர்களுக்குத் தெரியும். நடக்காமல் போனதைப் பேச ஒரு வார்த்தைகூட எங்களிடம் கிடையாது. என் பேனா மக்கர் பண்ணியது இதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

[அக்காவின் திருத்தம்: இந்தப் பிரிவு முழுவதையும் நீக்கலாம். மருந்துக்கடைக்காரர் குறிப்பு: நீக்க வேண்டாம்.]

5

இன்னொரு சட்டத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் அதுதான் அவர் காலை வாரியது.

அக்கா உள்ளே போன காலத்தில் சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பு. ஆம் என்பவர்கள் கத்த வேண்டும், இல்லை என்பவர்கள் கத்த வேண்டும். யாருடைய நுரையீரல் பெரிதோ அந்தப் பக்கம் நியாயம். சந்தேகம் வந்தால் கை தூக்கச் சொல்லி எண்ணுவார்கள். எண்ணி முடித்துத் தேநீர் குடிக்கப் போவார்கள். திரும்பி வரும்போது நாலைந்து பேர், "தெரியாம கை தூக்கிட்டேன், மாத்திக்கிறேன்" என்பார்கள். தாழ்வாரத்தில் அவர்களிடம் யார் என்ன பேசினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அதாவது, எல்லோருக்கும் தெரியும்.

அக்கா போராடி மின்னணுப் பலகை கொண்டுவந்தார். ஒவ்வொரு இருக்கையிலும் பட்டன், சுவரில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பெயரும் வாக்கும். கூடவே ஒரு விதி: மணி அடித்தபின், பதிவான வாக்கை யாரும் எக்காரணம் கொண்டும் மாற்றக்கூடாது. "எக்காரணம் கொண்டும்" என்பதை மட்டுமாவது எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினார்கள். மாட்டேன் என்றுவிட்டார். அன்றிலிருந்து தாழ்வாரத்தில் தேநீர் மட்டும்தான் குடித்தார்கள்.

6

என் அண்ணன் பஸ் டிரைவர். மாடி வீட்டில் இருக்கிறான். அவன் ஓட்டும் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கலாம், அவ்வளவு அலுங்காது. போக்குவரத்து அலுவலகத்தில் வருஷா வருஷம் டிரைவர்களுக்குத் தகுதிச் சோதனை உண்டு. முன்பெல்லாம் ஒரு அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். அப்புறம் அதை ஒரு கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். அது கேமரா வழியாக அண்ணனைப் பார்த்துவிட்டு, "தகுதியில்லை" என்றது.

அண்ணன் மேலாளரிடம் போனான். மேலாளர் நல்லவர்தான். அவர் சொன்னதை அண்ணன் அப்படியே நடித்துக் காட்டுவான்:

"ஏன் சார் தகுதியில்ல?"

"சிஸ்டம் சொல்லுதுப்பா."

"சிஸ்டம் ஏன் சார் சொல்லுது?"

"அதை சிஸ்டம் சொல்லலையேப்பா."

பஸ்ஸை வாங்கிக்கொண்டு அவனை, பயணிகள் விட்டுவிட்டுப் போகும் குடைகளையும் சாப்பாட்டு டப்பாக்களையும் காக்கிற கவுண்டரில் உட்காரவைத்தார்கள். சம்பளத்தில் குறையில்லை. ஆனால் மனுஷன் குறைந்துபோனான். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட வலது கால் பிரேக்கைத் தேடும். "எனக்கு என்ன கோளாறுன்னு தெரிஞ்சா போதும். கண்ணா, கையா, புத்தியா? எதுன்னு சொன்னா ஒத்துக்கிட்டுப் போயிடுவேன்" என்பான்.

அக்கா மூன்று ஆட்சிகளாக இழுத்துக்கொண்டிருந்த கடைசி மசோதா இதற்குத்தான். ஒரு இயந்திரம் ஒருவருக்கு இல்லை என்று சொன்னால், ஏன் என்று அவருக்குப் புரிகிற வார்த்தையில் சொல்ல வேண்டும். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், மாற்றும் அதிகாரமுள்ள ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்க வேண்டும். அக்காவுக்கு அதுவே கடைசிக் கூட்டத்தொடர். இனி நிற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். மசோதா ஜெயித்தால் அண்ணனுக்குக் காரணம் கிடைக்கும். தோற்றால், அந்த அவையின் காலம் முடியும்வரை அதே மசோதா திரும்ப வரக்கூடாது; அடுத்த அவையில் கொண்டுவர அக்கா இருக்கமாட்டார்.

அண்ணன் நல்ல சட்டை போட்டுக்கொண்டான். நாங்கள் பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தோம்.

7

இந்த இடத்தில் ஒரு வில்லன் வேண்டும். முதல் பிரதியில் வைத்திருந்தேன். எதிர்வரிசையில் பல காலமாக அக்காவை எதிர்த்தே வந்த ஒரு உறுப்பினர். எதைப் பேசினாலும் "வரவேற்கிறேன், ஆனால்" என்று தொடங்குவார், அதனால் ஆனால்காரர் என்று பெயர். அவருக்குக் கோணல் சிரிப்பும் தங்கக் கைக்கடிகாரமும் கொடுத்து எழுதியிருந்தேன். "அவர் உதட்டோரம் ஒரு நஞ்சு" (போதும்.) நிஜத்தில் அவருக்கு முழங்கால் வலி. எங்கள் மருந்துக்கடையில்தான் தைலம் வாங்குவார். ஒரு வில்லன் தைலம் தேய்த்துக்கொள்வதை எப்படி எழுதுவது என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

அந்த வாரம் சட்டமன்றத்தில் பழைய பட்டன்களைக் கழற்றிவிட்டுப் புதுத் தொடுதிரை வைத்திருந்தார்கள். பழையதில் ஆதரவு இடது பக்கம். புதியதில் வலது பக்கம். வயதான உறுப்பினர்கள் தடுமாறினார்கள். அக்கா காலையிலிருந்து வரிசை வரிசையாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். மாடத்திலிருந்து எங்களுக்குக் கேட்டது. "வலது பக்கம்ணே, வலது. இடது பக்கம் தொட்டீங்கன்னா எதிர்ப்பு. அப்புறம் 'உறுதியா'ன்னு கேக்கும். ஆமான்னு தொடுங்க." தனக்கு எதிராக ஓட்டுப் போடப்போகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்.

மணி அடிக்கப்போகும் நேரம். பின்வரிசையில் ஒருவர், "அக்கா, எது, எது?" என்றார். அக்கா உடம்பைத் திருப்பி, "வலதுண்ணே, வலது" என்று அவர் திரையைக் காட்டினார். காட்டிக்கொண்டே, தன் திரையைப் பார்க்காமல், இத்தனை வருஷமாக எங்கே அழுத்தினாரோ அங்கேயே தொட்டார். உறுதியா என்று கேட்டது. அதையும் தொட்டார். வாக்கைப் பதிவதற்கு முன் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று சிபாரிசு செய்ததும் அவர்தான்.

பட்டன் அக்கா பட்டனில் தவறினார் என்று ஒரு கற்பனைக் கதையில் எழுதினால் எந்தப் பத்திரிகையும் போடாது. ரொம்ப வசதியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். என்னாலும் மாற்ற முடியவில்லை. மணி அடித்தது. சுவர்ப் பலகையில் அவர் பெயருக்கு நேரே எதிர்ப்பு என்று எரிந்தது. மசோதா ஒரே ஓட்டில் தோற்றிருந்தது.

அவையில் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அது என்னவென்று புரிந்து, அடங்கியது. அண்ணன் என் கையைப் பிடித்து, "அவங்க பேருதானே அது?" என்றான்.

ஆனால்காரர் எழுந்தார். "தலைவர் அவர்களே, மசோதா தோற்றதை வரவேற்கிறேன், ஆனால் இது முறையாகத் தோற்கவில்லை. சொந்த மசோதாவை யாராவது எதிர்ப்பார்களா? அந்த மசோதாவே என்ன சொல்கிறது? இயந்திரம் சொன்னதை மனிதர் திருத்த வேண்டும் என்கிறது. மனிதர்கள் நாங்கள் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம். திருத்துங்கள்."

அவைத் தலைவர் மேசை மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். எல்லோரும் ஒத்துக்கொண்டால் விதியை அன்று மட்டும் தளர்த்தலாம் என்றார். யாரும் மறுக்கவில்லை. "உறுப்பினர் கேட்டுக்கொண்டால் போதும்" என்று சொல்லி, தேநீர் இடைவேளை விட்டார்.

8

இடைவேளையில் அக்கா இருந்த அறையில் நான் இல்லை. எழுத்தாளர் என்றால் எங்கும் போகலாம் என்பார்கள், காவலர் விடவில்லை. ஆகவே முதலில் இரண்டு பொய்கள்.

பொய் ஒன்று: அக்கா ஜன்னலோரம் நின்று தொலைபேசி இணைப்பகத்து நாட்களை நினைத்துக் கண்ணீர் (சினிமா.)

பொய் இரண்டு: ஒரு நொடிகூட யோசிக்காமல், "விதி விதிதான்" என்றார். (மலருக்குப் பொருத்தம். ஆனால் அவர் யோசித்தார். இதை அவர் நீக்கச் சொல்லவில்லை.)

நடந்தது: கடைக்குப் போன் போட்டார். வீட்டுக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார். அந்த நேரம் இன்சுலின் வாங்க நின்ற தையல்காரம்மா மூலம் இது எனக்கு வந்தது. பின்னால் மருந்துக்கடைக்காரரும் ஒத்துக்கொண்டார்.

"என்னங்க, கடையில கூட்டமா?"

"இல்ல. டிவியில பாத்தேன்."

"பாத்துட்டீங்களா."

"ஊரே பாத்துது. எதிர்வீட்டம்மா மாடத்துல வாயைப் பொத்திக்கிட்டதுகூடத் தெரிஞ்சுது."

"மாத்திக்கலாம்ங்கறாங்க. நான் ஒரு வார்த்தை கேட்டா போதும்."

"கேளேன்."

"அந்த விதியை எழுதினது நான்தாங்க."

"மசோதாவை எழுதினதும் நீதான்."

"அதாங்க குழப்பம். இதுல மெஷின் சொன்னதை மனுஷன் மாத்தணும்னு எழுதியிருக்கேன். அதுல மெஷின் பதிஞ்சதை மனுஷன் தொடக்கூடாதுன்னு எழுதியிருக்கேன். ரெண்டுல ஒண்ணு தப்பா இருக்கணும்ல."

"ரெண்டையும் என்கிட்டதான் படிச்சுக் காட்டினே. ரெண்டும் சரியாத்தான் பட்டுது."

அக்கா சொன்னார்: "மசோதா, கேக்க முடியாதவங்களுக்குங்க."

"அப்படின்னா?"

"அந்த டிரைவர் தம்பி மாதிரி. அவர் போய் நின்னா ஒரு கதவும் திறக்காது. விதி எங்களுக்கு. எங்களுக்கு எல்லாக் கதவும் திறக்கும். அதனாலதான் கட்டிப் போட்டது."

"அப்படின்னா?"

தையல்காரம்மா இன்சுலினை மறந்துவிட்டு நின்றாராம்.

"அப்படின்னா," என்றார் அக்கா கடைசியில், "நான் கேட்டா கிடைக்கும். கிடைக்கும்கறதாலதான் நான் கேக்கக்கூடாது. இன்னைக்கு எனக்கு நிஜமாவே கை தவறிப்போச்சு. நாளைக்கு ஒருத்தர் கை தவறிப்போச்சுன்னு வந்து நிப்பார். என்னைத்தான் காட்டுவார்."

"அந்தத் தம்பி?"

"அதைக் கேக்காதீங்க."

"ரெண்டு தடவைதான் என் கணக்கு. முடிஞ்சுபோச்சு. வெச்சுடறேன்."

இடைவேளைக்குப் பின் அக்கா எழுந்து நின்றார். "நான் தவறாகத்தான் அழுத்தினேன். ஆனால் அழுத்தியது நான்தான். விதி அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆனால்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

9

அண்ணனோடு வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அவங்களுக்கு அவங்க விதி பெருசாப் போச்சு" என்றான்.

"இல்லண்ணா, அவங்க சொன்னதுல..."

"உனக்கென்ன. உனக்குக் கதை கிடைச்சுது. எனக்குக் குடை."

அக்கா செய்தது சரி என்று இந்தக் கதை நம்புகிறது. ஆனால் அந்தச் சரிக்கு விலை கொடுத்தவன் என் அண்ணன். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத முயன்று பார்த்தேன். "நேர்மை என்பது சில நேரங்களில் பிறர்" (முடிக்க முடியவில்லை.)

தெருவில் பலவிதமாகப் பேசினார்கள். வயசாச்சு என்றார்கள். பணம் வாங்கிவிட்டார் என்றும் ஒருவர் சொன்னார். அவரை மட்டும் நான் சும்மா விடவில்லை. அண்ணன் தெருமுனைக் கடையை விட்டுவிட்டு மெயின் ரோட்டுக் கடையில் மருந்து வாங்க ஆரம்பித்தான். அக்காவைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனான். அக்கா ஒவ்வொரு தடவையும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

தேர்தல் வந்தது, அக்கா நிற்கவில்லை. ஆனால்காரர் நின்றார், ஜெயித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒருநாள் தைலம் வாங்க வந்தார். நான் வரிசையில் இருந்தேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அக்காவும் கவுண்டரில் இருந்தார். ஓய்வுக்குப் பிறகு கடையில் உதவி என்ற பெயரில் வருகிறவர்களுக்கெல்லாம் மருந்துச் சீட்டை விளக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த மசோதா," என்றார் ஆனால்காரர், தைல டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. "என் பேர்ல போடலாமான்னு ஒரு யோசனை."

"எதிர்த்தீங்களே."

"எதிர்த்தேன். கட்சி சொல்லிச்சு, நானும் சரின்னேன். ஆனால் அன்னைக்கு நீங்க உட்கார்ந்தீங்க பாருங்க, அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் சரியில்ல."

"அதுக்கும் மாத்திரை இருக்கு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"வேண்டாங்க. எழுதினது அவங்க. பேர் மட்டும் என்னோடதா இருந்தா நல்லாவா இருக்கும்?"

"பேரை நீங்களே வெச்சுக்குங்க," என்றார் அக்கா. "ஆனா இங்க நின்னு படிக்கணும்."

படித்தார். பல சாயங்காலங்கள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. பழைய பிரிவுகள் எல்லாம் தேறின; அவர் புதிதாகச் சேர்த்தவை பெரும்பாலும் இரண்டு "அப்படின்னா?"வைத் தாண்டவில்லை. சட்டமன்றத்தில் மசோதாவை முன்மொழிந்தபோது, பழக்க தோஷத்தில், தன் மசோதாவையே "வரவேற்கிறேன், ஆனால்" என்று தொடங்கினாராம். மசோதா நல்ல வித்தியாசத்தில் நிறைவேறியது. அக்கா பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்த்தார். பத்திரிகையில் வந்தது ஆனால்காரர் படம்.

[அக்காவின் திருத்தம்: இங்கே அவருக்கு நன்றி என்று ஒரு வரி சேர்க்கவும். பெயர் போட்டுக்கொள்ள வருகிறவர்கள் உண்டு. படித்துக் காட்ட வருகிறவர்கள் இல்லை.]

சேர்த்தாயிற்று.

10

போன வாரம் அண்ணனைக் கூப்பிட்டார்கள். ஒரு அதிகாரி, கண்ணாடி போட்ட அம்மா, எதிரே உட்காரவைத்துக் காரணத்தைப் படித்தாராம். சோதனையின்போது அவன் தலையை அடிக்கடி இடமும் வலமும் திருப்பினான். அதனால் சாலையில் கவனம் இல்லை என்று கம்ப்யூட்டர் முடிவு செய்திருந்தது.

"ஏன் திருப்பினீங்க?" என்று கேட்டாராம் அந்த அம்மா.

"கண்ணாடி பாத்தேம்மா. ரெண்டு பக்கமும் கண்ணாடி இருக்கே."

அந்த அம்மா சிரிக்கவில்லையாம். பேனாவை மூடிவிட்டு, "மன்னிச்சுக்குங்க" என்றாராம். அண்ணனுக்கு அதுதான் தாங்கவில்லை. பஸ் திரும்பக் கிடைத்ததை ஒரு வரியில் சொன்னான். அந்த 'மன்னிச்சுக்குங்க'வைத்தான் வீட்டில் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னான்.

இன்று காலை, பஸ்ஸின் முதல் நடைக்குப் போகுமுன், சீருடையில், அண்ணன் எதிர்வீட்டுக் கேட்டருகே போய் நின்றான். மணி அடிக்கவில்லை. சும்மா நின்றான். செடிக்குத் தண்ணீர் விட வந்த அக்கா அவனைப் பார்த்தார். குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டருகே வந்தார்.

நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் ஏதோ சொன்னான். அவர் ஏதோ சொன்னார். நன்றி சொன்னானா, குடைகளோடு போன காலத்துக்குச் சண்டை போட்டானா, தெரியவில்லை. இரண்டுக்கும் அவனுக்கு உரிமை இருக்கிறது. இரண்டையும் கேட்டுக்கொள்ள அவருக்கும் தெம்பு இருக்கிறது. சுவரோரம் நாலடி நகர்ந்தால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும். என் வாழ்நாளில் நான் நகராமல் இருந்ததே இல்லை.

ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வந்து இதை எழுதுகிறேன்.

முடிவு எங்கே என்று செயலாளர் கேட்பார். கேட்டருகே இருக்கிறது, இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கலாம். அந்த வழியாகப் போகிறவர்கள் காதில் விழுந்ததை வைத்து முடித்துக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் வந்து சொல்ல வேண்டாம். இன்றைக்காவது வேண்டாம்.